கோப்ரல் மீராசாஹிபின் பெட்டியில் இருந்தது

புருஷன் மௌத்தாகி அடக்கம் செய்த மூன்றாவது வாரம், முனவ்வரா அவருடைய இரும்புப் பெட்டியைத் திறந்தாள். திறக்காமலே இருந்திருக்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமை நாலு பேர் வந்து பார்க்கப்போகும் யூனிபோமைக் கசங்கலாகக் கொடுத்தால், அவளுக்கு ஒரு துணியை அயன் பண்ணக்கூடத் தெரியாதா என்று ஊர் பேசும். ஊர் வாய்க்குப் பயந்து எத்தனையோ காரியம் செய்தவள், இதையும் செய்தாள்.

மேலே யூனிபோம், அதன் மடிப்புகளில் பூச்சி உருண்டைகள், தொப்பி, பெல்ட். அடியில் அவர் உடுக்கிற பழைய சாரம் ஒன்று, உள்ளே எதையோ வைத்து இறுக்கிச் சுற்றியிருந்தது. தூக்கினால் கனம். ஆமிக் குசினியிலிருந்து கொண்டுவந்த இஞ்சி இடிக்கிற கல்லாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே பிரித்தாள். உள்ளே பச்சைப் பெயின்ட் அடித்த இரும்பு உருண்டை. ஒரு கைக்குள் அடங்கும். தலையில் ஒரு பிடி, பிடியோரத்தில் ஒரு வளையம்.

ஆமிக்காரரின் மனைவிதான் என்றாலும் முனவ்வரா கைக்குண்டை நேரில் கண்டவள் இல்லை. டீவியில் கண்டிருக்கிறாள். எங்காவது ஒரு வீட்டைச் சோதனை போட்டால், மேசையில் வெள்ளைத் துணி விரித்து இதையெல்லாம் வரிசையாக அடுக்கிக் காட்டுவார்கள். பக்கத்தில் கையில் விலங்கோடு யாரோ ஒரு வாலிபன் தலையைக் குனிந்துகொண்டு நிற்பான். அந்த வாலிபனின் இடத்தில் அவள் தன் மகன் ஸியாமைக் கண்டாள்.

சாரத்தோடு அதைக் கட்டிலில் வைத்தாள். வைக்கும்போது மூச்சுக்கூட விடவில்லை. பிறகு கதவைத் தாழிட்டுவிட்டு, கதவிலேயே சாய்ந்து நின்று, வாயில் வந்த எல்லா ஓதலையும் ஓதினாள். பாதி ஓதலில் இன்னொரு ஓதல் கலந்தது. அந்த நேரத்தில் அல்லாஹ் கணக்குப் பார்க்கமாட்டான்.

கோப்ரல் மீராசாஹிப் என்றால் எல்கடுவ பாதையில் இருக்கும் அந்தச் சின்ன டவுனில் தெரியாதவர் இல்லை. இருபது வருஷத்துக்கு மேல் ஆமியில் இருந்தவர். அங்கே என்ன வேலை செய்தார் என்பதுதான் ஊருக்குச் சரியாகத் தெரியாது. முனவ்வராவுக்குத் தெரியும். அவர் கோக்கி. சமையற்காரர். யுத்தம் நடந்த காலம் முழுக்க அவர் எதிரியைக் கண்டதைவிடப் பூசணிக்காயைக் கண்டதுதான் அதிகம். ஒரு தடவை முகாமில் ஷெல் விழுந்து, பருப்புக் கிடாரத்துக்குப் பக்கத்தில் நின்றவருக்குத் தோளில் சில்லுப் பட்டது. அதற்கொரு பதக்கம் கொடுத்தார்கள். ஊர் அந்தப் பருப்பைக் கழித்துவிட்டுப் பதக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டது. அவரும் திருத்தப் போகவில்லை.

பென்ஷனோடு வீட்டுக்கு வந்த புதிதில் மூன்று பேர் உண்ணும் வீட்டில் முப்பது பேருக்கு ஆக்கிவைப்பார். முனவ்வரா திட்டித் திட்டியே சட்டி சட்டியாக அயல் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். வெள்ளிக்கிழமை என்றால் அவளை அடுப்படிப் பக்கம் விடமாட்டார். வெங்காயம் உரிக்கிறதிலிருந்து சட்டி கழுவுகிறதுவரை அவர்தான். மருமகள் நிஷ்மியா வயிற்றுப்பிள்ளையோடு வாந்தி எடுத்துக்கொண்டு கிடந்த மாதங்களில், அவளுக்கு இறங்குகிற ஒரே சோறு மாமனார் வடித்த சோறுதான். படுக்கப்போகுமுன் கேஸ் சிலிண்டரைத் தொட்டுப் பார்ப்பார், பிறகு எழுந்துபோய் இன்னொரு தடவை தொட்டுப் பார்ப்பார்.

அப்படிப்பட்ட மனிதர், பேத்தி ஓடி விளையாடுகிற வீட்டில், தான் தலை வைத்துப் படுக்கிற கட்டிலுக்கு அடியில் குண்டை வைத்துக்கொண்டிருந்தார் என்றால் யார் நம்புவார்? முனவ்வராவே நம்பவில்லை. திரும்பிப் பார்த்தாள். அது கட்டிலில்தான் இருந்தது.

பொலிசுக்குச் சொல்லிவிடுவதுதான் முறை. அவளுக்கும் தெரியும். ஆனால் ஸியாமுக்கு நடந்ததும் அவளுக்குத் தெரியும்.

ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டுகள் வெடித்த வருஷம் ஸியாம் தம்புள்ளை மரக்கறிச் சந்தையில் கமிஷன் கடை ஒன்றில் நின்றான். விடியற்காலை மோட்டார் சைக்கிளில் போகிறவன், குளிருக்கு வாப்பாவின் பழைய ஆமிக் கோட்டை மாட்டிக்கொண்டு போனான். ஒவ்வொரு நாளும் போட்டுக்கொண்டு போகிற கோட்டுதான். அன்றைக்கு அது குற்றமாகிவிட்டது. தாடி வைத்த முஸ்லிம் பையன் உடம்பில் ஆமி உடுப்பு. ரோட்டில் மறித்த பொலிசார் கொண்டுபோய் அடைத்தார்கள். மீராசாஹிப் பென்ஷன் புத்தகத்தையும் பதக்கத்தையும் தூக்கிக்கொண்டு வாசல் வாசலாக ஏறி இறங்கி, ஒன்றரை வாரம் கழித்துத்தான் மகனைக் கூட்டிவந்தார். வந்தவன் தாடியை எடுத்தான். இரவுத் தூக்கத்தையும் அன்றோடு விட்டான். இன்றைக்கும் வீட்டுக்கு முன் ரோட்டு வளைவில் ஒரு ஜீப் வேகம் குறைத்தால் சோற்றுக் கை வாய்க்குப் போகாமல் நின்றுவிடும்.

ஒரு கோட்டுக்கே அந்தப் பாடு. இதற்கு என்ன செய்வார்கள்? வாப்பாவுடையது என்று சொன்னால் மண்ணுக்குள் கிடக்கிற மையத்தைக் கேட்டா சாட்சி எடுப்பார்கள்? வீட்டில் இருக்கிற ஒரே ஆம்பிளையைத்தான் கொண்டுபோவார்கள். இந்தத் தடவை கொண்டுபோனால் அவனைக் கூட்டிவர வீட்டில் கோப்ரலும் இல்லை.

ஆற்றில் போட்டுவிடலாம். யார் போடுவது? அவள் இத்தாவில் இருக்கிறாள். புருஷனை இழந்தவள் நாலு மாதமும் சொச்ச நாளும் வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது, அந்நிய ஆம்பிளைகளின் கண்ணில் படக்கூடாது. மூன்றாம் வாரத்தில் முனவ்வரா ஆற்றங்கரையில் நின்றாள் என்றால் ஊரே திரண்டு, தண்ணீருக்குள் என்ன போட்டாள் என்று பார்க்கும். நிஷ்மியாவிடம் கொடுத்தால் கத்தியே காட்டிக்கொடுத்துவிடுவாள். ஸியாமிடம் சொல்வதற்கு அவளுக்கு நாக்கு வரவில்லை. அவனுக்குத் தெரியாமல் இருந்தால், கேட்கிறவர்களுக்கு அவன் தெரியாது என்று சொல்வது பொய்யாகாது. அவளால் அவனுக்குக் கொடுக்க முடிந்த ஒரே காவல் அதுதான்.

பட்டாசு நனைந்தால் வெடிக்காது என்பது ஞாபகம் வந்தது. தொழுகைக்கு முன் ஒழுச் செய்வதற்கு அறைக்குள் வைத்திருந்த பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் இருந்தது. சாரத்தோடு அதைத் தூக்கி, குழந்தையைக் குளிப்பாட்டுகிற பக்குவத்தில் வாளிக்குள் இறக்கி, தட்டத்தால் மூடி, கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். தள்ளிய பிறகுதான் இன்னொரு நினைப்பு வந்தது. வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமை வரப்போவது ஓய்வுபெற்ற இராணுவத்தினரின் சங்கம். மீராசாஹிபை நினைவுகூர்ந்து நாலு வார்த்தை பேசி, அவருடைய யூனிபோமை வாங்கிப்போய்ச் சங்கக் கட்டடத்தில் கண்ணாடிக்குள் வைப்பார்களாம். ஏற்பாடு செய்தவர் சார்ஜன்ட் ரத்நாயக்க. தம்புள்ளைப் பக்கத்துச் சிங்களவர், மீராசாஹிபோடு ஒரே முகாமில் இருந்தவர், கண்ணிவெடியும் குண்டும் கழற்றுகிற பிரிவில் வேலை செய்தவர். பெருநாளைக்கு வந்து மீராசாஹிபின் கையால் சோறு உண்ணாமல் போகமாட்டார். முனவ்வராவை "நங்கி" என்றுதான் கூப்பிடுவார், சொந்தத் தங்கச்சியைக் கூப்பிடுகிற மாதிரி.

அவர் ஸியாமுக்கு போனில் இரண்டு தடவை சொல்லியிருந்தார். பெட்டியைத் திறக்கவேண்டாம். அப்படியே இருக்கட்டும். நானே வந்து எடுக்கிறேன்.

முதலில் கேட்டபோது, கூட்டாளியின் உடுப்பைத் தன் கையால் எடுக்க ஆசைப்படுகிறார், பாவம் என்று நினைத்தாள். இப்போது அதே வார்த்தை வேறு மாதிரிக் கேட்டது. ஏன் திறக்கவேண்டாம்? உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்துதான் வருகிறாரா? சங்கக்காரர்கள் என்று சொல்லிக்கொண்டு வேறு யாரையாவது கூட்டிவருகிறாரா? பெட்டியை எல்லோர் முன்னாலும் திறந்து, சாட்சிகளோடு, வெள்ளைத் துணி விரித்து? பெருநாள் சோறு உண்ட மனிதரைப் பற்றி இப்படி நினைக்கிறோமே என்று வெட்கமாயிருந்தது. ஆனால் வெட்கம் பயத்தைத் தள்ளவில்லை.

வியாழக்கிழமை பின்னேரம் யாசீன் ஓத வழக்கமாக வருகிறவர்கள் வந்தார்கள். முன் ஹோலில் ஆம்பிளைகள், உள்ளே போகும் வழியில் தொங்குகிற தடித்த திரைக்கு இந்தப் பக்கம் முனவ்வரா. ஓதி முடிந்து தேத்தண்ணீர் வந்ததும் பலசரக்குக் கடை இத்ரூஸ் தொடங்கினார். மீராசாஹிபின் பெயர் வந்தால் அவருக்கு ஒரே கதைதான்.

"கலவரம் வந்த வருஷம் ஞாபகமா? சந்தியில எங்கட ஆக்கள்ட கடை ரெண்டு ஒடச்சிட்டு அந்தச் சிங்களக் கூட்டம் இந்த ரோட்டால மேல வந்தது. நாங்க எல்லாம் கதவப் பூட்டிட்டு கட்டிலுக்குக் கீழ. எங்கட கோப்ரல் என்ன செஞ்சாரு? யூனிபோமப் போட்டு, மெடல குத்தி, கதிரைய முன் வாசல்ல போட்டு தனியா உக்காந்தாரு. கூட்டம் வளைவு மட்டும் வந்தது. எழும்பி ஒரு சத்தம் போட்டாரு பாருங்க, அவ்வளவு பேரும் வந்த வழியே திரும்பிட்டானுகள். பயமெண்டா என்னண்டே தெரியாத மனுஷன்!"

ஹோலில் எல்லோரும் ஓ, ஓ என்றார்கள். ஸியாமின் குரலும் கேட்டது. "வாப்பாட தைரியத்துல காவாசி எனக்கு இருந்தாப் போதும்."

ஸியாம் அன்றைக்கு வேலைக்குப் போயிருந்தான்; முனவ்வரா வீட்டில் இருந்தவள். கட்டிலுக்குக் கீழே கிடந்த இத்ரூஸுக்குக் கேட்ட சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது மழை. தகரக் கூரையில் கல்லைக் கொட்டுகிற மாதிரி மழை. கூட்டம் திரும்பிப் போனது அந்த மழைக்கு. மீராசாஹிப் சத்தமே போடவில்லை. அதற்கு முன்னால் அவளையும் நிஷ்மியாவையும், பிறந்து நாற்பது நாள் தாண்டாத நிஹ்லாவையும் பின் அறைக்குள் அனுப்பி, "உள்ளால பூட்டுங்க. என்ன சத்தம் கேட்டாலும் வெளிய வராதீங்க. நான் கூப்பிட்டாலும் வராதீங்க" என்றதுதான் அவர் பேசியது.

என்ன சத்தம் கேட்டாலும். கூட்டத்தின் சத்தத்தைச் சொல்கிறார் என்று அப்போது நினைத்தாள்.

மழை விட்டுக் கதவைத் திறந்து வந்து பார்த்தபோது அவர் அதே கதிரையில் நனைந்துபோய் இருந்தார். பிளேன்டீ கேட்டார். ஊற்றிக் கொடுத்தாள். இடது கையை நீட்டி வாங்கி, இடது கையாலேயே குடித்தார். சோறோ தண்ணீரோ இடது கையால் தொட்டால் பேத்தியைக்கூட அதட்டுகிற மனிதர் அவர். "இதென்ன புதுப் பழக்கம், வலது கைக்கு என்ன வந்தது?" என்று அவளே கண்டித்தாள். வலது கை காற்சட்டைப் பைக்குள் இருந்தது. கோப்பை வெறுமையாகும்வரை அது வெளியே வரவில்லை.

அந்தக் கையில் என்ன இருந்தது என்று, திரைக்குப் பின்னால் இருக்கிற முனவ்வராவுக்கு இப்போது தெரிந்துவிட்டது. கூட்டம் வளைவைத் தாண்டியிருந்தால் அந்தச் சத்தம் கேட்டிருக்கும். அவர் கதிரையில் இருந்தபடியே போயிருப்பார், வந்தவர்களில் எத்தனை பேர் போயிருப்பார்களோ. அதற்குப் பிறகு இந்த வீட்டை யார் விட்டுவைத்திருப்பார்கள்? பருப்பு ஆக்குகிற மனிதர். கேஸ் சிலிண்டரைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிற மனிதர். அவ்வளவு பயந்திருக்கிறார். பக்கத்தில் படுத்தவளுக்கு அது தெரியாமல் போயிற்று.

வந்தவர்கள் போனதும் அறைக்குத் திரும்பினாள். கதவு திறந்து கிடந்தது. பேத்தி நிஹ்லா கட்டிலுக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்து, வாளியை இழுத்துக்கொண்டிருந்தாள். பந்து உருண்டு உள்ளே போய்விட்டதாம்.

"தொடாதே! வெளிய போ! இந்த ரூமுக்குள்ள வரக்கூடாதுண்டு எத்தனை தரம் சொல்றது!"

பிள்ளை நடுங்கிப்போய் அழுதுகொண்டு ஓடியது. முனவ்வரா வாளியின் பக்கத்தில் தரையிலேயே குந்திவிட்டாள். அது அவளுடைய வார்த்தை இல்லை, அவருடையது. கலவரத்துக்குப் பிறகு இத்தனை வருஷமாக அவர் நிஹ்லாவை இந்த அறை வாசற்படி மிதிக்க விட்டதில்லை. அது தவழ்ந்து வந்தாலும் தூக்கி வெளியே விட்டுக் கதவைச் சாத்துவார். மூத்தவாப்பாவோடு படுக்கப்போகிறேன் என்று அது எத்தனையோ நாள் அழுதிருக்கிறது. "ஒரு பச்சைப் புள்ளைக்கிட்ட இப்படியா, ஒங்களுக்கு மனசு கல்லா?" என்று முனவ்வரா சண்டை பிடித்திருக்கிறாள், பேசாமல் இருந்திருக்கிறாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுப்பார். பாவி மனுஷன் என்று நினைத்து நினைத்து அழுதாள் அவள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு பேராகப் பயந்திருக்கலாமே.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு வாகனங்கள் வந்தன. திரைக்குப் பின்னால் நிற்கிறவளுக்குக் காதுதான் கண். ஒரு வேன். அதற்குப் பின்னால் ஜீப். கதவுகள் அடித்துச் சாத்தப்பட்டன. சப்பாத்துச் சத்தம், நிறைய சப்பாத்து. வயதான கால்களா, வேலையில் இருக்கிற கால்களா என்று கேட்டுப் பிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஸியாம் சிங்களத்தில் வாங்க வாங்க என்றான். குரல் கட்டியிருந்தது. ஜீப்பை அவனும் கண்டிருப்பான்.

பேச்சுகள் தொடங்கின. யாரோ ஒருவர் மீராசாஹிபின் வீரத்தைப் பற்றிப் பேசினார், இன்னொருவர் அவருடைய கோழிக்கறியைப் பற்றிப் பேசினார். கோழிக்கறிக்குத்தான் கைதட்டல் கூட. பிறகு பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார்கள். ஸியாம் உள்ளே வந்து அதைத் தூக்கிக்கொண்டு போனான். முனவ்வரா திரையோரத்தை விரலளவு விலக்கிப் பார்த்தாள்.

ரத்நாயக்க பெட்டிக்கு முன்னால் முழங்காலில் இருந்தார். மற்றவர்களுக்கு முதுகைக் காட்டி, மூடியைப் பாதி மட்டும் திறந்து, யூனிபோமை எடுக்காமல் அதற்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். ஒரு மூலை, மறு மூலை. அவருடைய முகம் அவளுக்கு நேரே இருந்தது. நரைத்த மீசைக்கு மேல் வியர்வை துளிர்த்தது. பெட்டிக்குள் ஒன்றுமில்லை என்று கை சொன்னதும் அந்த முகத்தில் இரத்தமே இல்லாமல் போயிற்று. எழுந்தார். யூனிபோமைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு, "நான் நங்கிக்கு இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லிவிட்டு வருகிறேன்" என்று ஸியாமிடம் சொல்லிக்கொண்டு நேரே திரையை நோக்கி வந்தார்.

முனவ்வரா பின்வாங்கிச் சுவரோடு ஒட்டினாள். திரைக்கு அந்தப் பக்கம் அவருடைய சப்பாத்து முனைகள் தெரிந்தன. ஹோலில் அடுத்த பேச்சுத் தொடங்கியது.

"நங்கி," என்றார், சிங்களத்தில், மிகத் தாழ்ந்த குரலில். "பெட்டியில் இன்னொரு சாமான் இருந்ததே."

பேசாமல் இருந்தால் தேடுவார்கள். இல்லை என்றால் வாளி இருக்கிறது. ஓம், இருக்கிறது என்றால் ஸியாமைக் கொண்டுபோவார்கள். மூன்று வழியும் ஒரே இடத்துக்குத்தான் போயின. அந்த இடத்தில் அவளால் ஒரே ஒரு ஆளைத்தான் கொடுக்க முடிந்தது.

"மாத்தயா, மகனுக்கு ஒன்றும் தெரியாது. குர்ஆன் மேல சத்தியம். நான்தான் கண்டேன், நான்தான் ஒளிச்சேன். எழுதுறதெண்டா என்ட பேர எழுதுங்க. இத்தாவெல்லாம் பாக்காதீங்க, இப்பவே என்னைக் கூட்டிப் போங்க. மகன மட்டும் விட்டுடுங்க." பாதியைச் சிங்களத்திலும் பாதியைத் தமிழிலும் சொன்னாள். எது எந்தப் பாஷையில் வந்தது என்று அவளுக்கே தெரியாது.

திரைக்கு அப்பால் சப்பாத்து முனைகள் இன்னும் கிட்ட வந்தன.

"நங்கி, நான் பிடிக்க வரவில்லை. நான்தான் அதை மீராசாஹிபுக்குக் கொடுத்தேன்."

யாருக்கும் கேட்டதா என்று அவள் ஹோல் பக்கம் காதைக் கொடுத்தாள்.

"கலவரத்துக்கு முதல் நாள் என் வீட்டுக்கு வந்தான். வீட்டில் மூன்று பெண்கள், அதில் ஒன்று தொட்டில் பிள்ளை, எனக்கு ஏதாவது கொடு, வெறும் கையோடு என்னால் நிற்க முடியாது என்று அழுதான். நான் அவனை அப்படிக் கண்டதேயில்லை. என்னிடம் பழையது ஒன்று இருந்தது. வைத்திருக்கக்கூடாதுதான். கொடுத்தேன். அவன் போன பிறகு எனக்கும் தூக்கம் போயிற்று. இப்போது அவன் செத்துவிட்டான், யாராவது எடுத்தால் உங்கள் மகன் போவான், அவனுக்குப் பின்னால் நானும் போவேன். அதற்குத்தான் இந்தக் கூட்டம், யூனிபோம் எல்லாம். பெட்டிக்குக் கிட்ட வர எனக்கு வேறு வழி தெரியவில்லை."

"அது வெடிச்சா? எங்கட புள்ள அதுக்கு மேலதான் ஓடித் திரிஞ்சது, மாத்தயா!"

"வெடிக்காது. கொடுக்கும் முன்னாலேயே உள்ளே இருந்ததை எல்லாம் எடுத்துவிட்டேன். எடை குறையாமல் மணலும் மெழுகும் போட்டு மூடினேன். அது வெறும் இரும்பு."

முனவ்வராவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது அல்ஹம்துலில்லாஹ் என்று வாய் தானாகச் சொன்னது. அந்த வார்த்தை முடிவதற்குள் ஒரு கோபம் எழும்பியது.

"அவருக்குத் தெரியுமா?"

"இல்லை."

"பிறகாவது சொல்லியிருக்கலாமே. இத்தன வருஷம். பேத்திய பக்கத்துல எடுக்காம, தூங்காம, என்னோட பேசாம..."

"ஒவ்வொரு பெருநாளைக்கும் சொல்லத்தான் வந்தேன், நங்கி. அவன் சோறு போட்டுக் கொடுப்பான், என்னால் வாய் திறக்க முடியாது."

மணலையும் மெழுகையும் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த மனிதர் மழைக்குள் உட்கார்ந்திருந்திருக்கிறார். கூட்டம் வளைவைத் தாண்டியிருந்தால் வளையத்தை இழுத்திருப்பார். ஒன்றுமே நடந்திருக்காது. அத்தனை பேருக்கு முன்னால் கையை ஓங்கியபடி ஒரு கிழவன். முனவ்வரா திரையை விலக்கினாள். இத்தாவும் மறந்தது, யார் பார்ப்பார்கள் என்பதும் மறந்தது. அந்த முகத்தைப் பார்த்துக் கேட்கவேண்டும் போலிருந்தது.

"நீங்க யாரைக் காப்பாத்தப் பார்த்தீங்க, மாத்தயா? எங்களையா, அவங்களையா?"

ரத்நாயக்க பொய் சொல்லத் தெரிந்த மனிதர் இல்லை. தெரிந்திருந்தால் அந்த நேரம் சொல்லியிருப்பார். அவர் தரையைப் பார்த்தார்.

"அந்தக் கூட்டத்துக்குப் போக என் அக்காவின் மகன் முதல் நாளே பொல்லுத் தடி சீவிக்கொண்டிருந்தான். நான் பார்த்தேன். மறித்துப் பார்த்தேன், கேட்கவில்லை. மீராவிடமும் சொல்லவில்லை."

ஹோலில் யாரோ பயமறியாத எங்கள் கோப்ரல் என்று சொல்ல, கைதட்டல் எழுந்தது. முனவ்வரா அறைக்குள் போனாள். வாளிக்குள் கையை விட்டு, ஈரச் சாரத்தோடு அதை எடுத்து வந்து அவர் கையில் வைத்தாள். அவர் சாரத்தைப் பிரித்து அவளிடமே கொடுத்துவிட்டு, உருண்டையைக் காற்சட்டைப் பைக்குள் போட்டார். பை தொங்கியது. அதை மறைக்கக் கோட்டைக் கீழே இழுத்துவிட்டார்.

"நீங்க செஞ்சது சரிதான்," என்றாள் அவள். குரல் உடைந்தாலும் வார்த்தை தெளிவாக வந்தது. "அவர் கையில யார்ட ரத்தமும் இல்லாமப் போனாரு. அதுக்கு ஒங்களுக்கு அல்லாஹ் கூலி தரட்டும். ஆனா இனி இந்த வீட்டுக்கு வராதீங்க. ஒங்கட மொகத்தப் பார்த்தா எனக்கு அந்தக் கதிரைதான் தெரியும்."

அவர் தலையை ஆட்டினார். அவள் திரையை இழுத்து மூடினாள்.

சப்பாத்துகள் வெளியே போகத் தொடங்கின. வேன் கதவு திறந்தது. யூனிபோமை யாரோ மார்போடு அணைத்துக்கொண்டு போவது திரையின் இடுக்கால் தெரிந்தது. எல்லோருக்கும் பின்னால், கோட்டின் ஒரு பக்கத்தைப் பிடித்தபடி, ரத்நாயக்க வாசலுக்கு வந்தபோது ஸியாம் அவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். மகனுக்குக் கண் கலங்கியிருந்தது.

"வாப்பா இல்லண்டு வராம விட்டுடாதீங்க, அங்கிள். ஜீப்பக் கண்டதும் நான் செத்தே பேய்ட்டேன், பிறகு ஒங்களக் கண்டாப் பொறகுதான் உசிர் வந்தது. இந்த ஊருல எங்களுக்கு ஏதும் நடந்தா, நான் கோல் எடுக்க ஒங்களத் தவிர வேற ஆளில்ல. பெருநாளைக்குக் கட்டாயம் வாங்க."

ரத்நாயக்க திரும்பித் திரையைப் பார்த்தார். ஸியாமும் திரும்பிப் பார்த்தான். உம்மாவும் ஒரு வார்த்தை கூப்பிடுவாள் என்று அவன் காத்துக்கொண்டு நின்றான்.

முனவ்வரா ஈரச் சாரத்தை இரண்டு கையாலும் முறுக்கினாள். வராதே என்று சொன்ன வாய் இன்னும் காயவில்லை. ஆனால் ஜீப் வாசலில் நிற்கிறது, மகன் வாசலில் நிற்கிறான், நாளைக்கு எந்த வளைவால் யார் வருவார்களோ யாருக்குத் தெரியும். அவளுக்குப் பயமாக இருந்தது.

"வாங்க, மாத்தயா," என்றாள் திரைக்குப் பின்னாலிருந்து. "பெருநாளைக்கு வாங்க. நான் சோறாக்கி வைக்கிறேன்."